எட்டுக்கால் சிப்

கடைசி ஸ்க்ரூ மட்டும் வரமாட்டேன் என்றது. மற்றவை முதல் சுற்றுக்கு முரண்டு பிடித்தாலும் அடுத்த சுற்றில் இளகி வந்துவிட்டன. தங்கபுஷ்பம் அவற்றைப் புருஷனின் பழைய மாத்திரை டப்பாவில் பிரித்துப் போட்டிருந்தாள், கீபோர்டு ஸ்க்ரூ எல்லாம் 'காலை'க் குழியில், அடிமூடி ஸ்க்ரூ 'மதிய'த்தில், 'இரவு' இன்னும் காலி. இது ஒன்றுக்குத் தலை மழுங்கிப்போயிருந்தது. யாரோ ஏற்கெனவே திருகிப் பார்த்துக் கெடுத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, அந்த லேப்டாப் ரிப்பேர்க் கடைக்காரராகத்தான் இருக்கும், ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு, அக்கா இத நோண்டுறது வீண், டிஸ்க்கக் கழத்தி வேற மிஷின்ல போட்டும் பாத்தாச்சு, அதுவும் பூட்டியிருக்கு, உள்ள இருக்கறது போனதுதான்னு நெனச்சுக்கங்க என்று பாலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தவர். போனதுதான். எவ்வளவு லேசாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆஸ்பத்திரியிலும் ஒருத்தர் அப்படித்தான் சொன்னார், பேச்சு போனதுதாம்மா, உயிர் தங்குனதே பெருசு. போனது என்றால் எங்கே போனது? போகிற பொருளுக்கு ஒரு இடம் வேண்டாமா? அவள் வேலை பார்க்கும் கிளினிக் லேபிலிருந்து கொண்டுவந்த ரப்பர் கையுறையில் ஒரு விரலைக் கத்தரித்து, அந்தத் துண்டை ஸ்க்ரூவின் மேல் வைத்து, டிரைவரை அதன் மேல் ஊன்றி, உடம்பின் பாரத்தையெல்லாம் உள்ளங்கைக்குக் கொண்டுவந்து திருப்பினாள். ரப்பர் பள்ளத்துக்குள் இறங்கிப் பிடித்தது, ஆனால் நகரவில்லை. மறுபடியும். நகரவில்லை. வராமல் எங்கே போவாய் நீ, உனக்கு இருக்கிறது ஒரே வழி, மேலேதான். மறுபடியும். பல் கடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டு அது அசைந்தது, அசைந்தபின் மற்றவற்றைவிட எளிதாகச் சுழன்று வந்தது, அதை விரல் நுனியில் ஒட்டவைத்துத் தூக்கிக் காட்டினாள். "அதான்" என்றார் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சௌந்தரபாண்டி. இது பாராட்டுகிற 'அதான்'. அவளுக்கு வித்தியாசம் தெரியும்.

ஏழு மாதமாக அவரிடம் இருக்கும் ஒரே சொல் அது. பசித்தால் அதான், மூத்திரம் வந்தால் அதான், மகள் ஓசூரிலிருந்து போனில் கூப்பிட்டால் அதான் அதான், கோபம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு அதான்ன்ன். அழும்போதும் அதேதான். அவர் எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் அந்த ஒன்றே முந்திக்கொண்டு வந்து வாசலை அடைத்து நிற்கிறது, அவருக்கே அது தெரிகிறது, சொல்லிவிட்டு இது இல்லையே என்பது போலத் தலையை ஆட்டுகிறார். அந்தச் சொல் அவர் வாயில் சிக்கியதை அவள் காதால் கேட்டாள். அவள் மட்டுமா, ஊரில் பாதிப்பேர் கேட்டார்கள். சித்திரை மாதம், கோவில்பட்டியில் ஹாக்கி மாதம், மைதானத்துக்குப் பின்சந்தில்தான் வீடு, குழாய் ஸ்பீக்கர் அடுப்படிக்குள்ளேயே வந்து பேசும். பகலெல்லாம் மின்சார ஆபீசில் குமாஸ்தா, ஒருத்தரிடமும் உரக்கப் பேசாதவர், சாயங்காலம் ஆட்ட வர்ணனைக்கு மைக்கைப் பிடித்துவிட்டால் ஆளே வேறு. பந்து நடுவுலருந்து எடது ஓரம் போகுது, போகுது, வெட்டுறான், திரும்புறான், விடாத தம்பி விடாத, அய்யய்யோ பாய்ஞ்சு தடுத்துட்டான்யா கோல்கீப்பர்! மைதானத்துக்கு வராத பொம்பளைகளும் துணி துவைத்துக்கொண்டே ஆட்டம் பார்த்தார்கள், அவர் குரலில் பார்த்தார்கள். அன்றைக்கு அவள் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். வலது ஓரத்துல பந்த எடுத்துக்கிட்டு, எடுத்துக்கிட்டு, என்றது ஸ்பீக்கர், அப்புறம், அதான், என்றது, அதான், அதான் அதான். கூட்டம் சிரித்தது. ஏதோ நையாண்டி செய்கிறார் என்று விசிலடித்தார்கள். அவளுக்கு அப்பளம் கையிலேயே இருந்தது. சொல் குழறும் சத்தத்தை அவள் லேபில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள், ஊசி போடப் போகிற இடத்தில் உட்கார்ந்து வாய் கோணிப்போனவர்களைப் பார்த்திருக்கிறாள், அடுப்பை அணைக்காமல் ஓடினாள், மாக்கோலம் போட்டிருந்த பக்கத்து வீட்டு வாசலை மிதித்துக்கொண்டு, செருப்பில்லாமல், ஓடுகிற வழியெல்லாம் மேலேயிருந்து அவர் குரல் அதான் அதான் என்று தலையில் விழுந்துகொண்டே வந்தது, யாருக்கும் மைக்கை அணைக்கத் தோன்றவில்லை. அந்தச் சத்தமும் இந்த லேப்டாப்புக்குள் இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்தையும் அவர் இதில் பதிவு செய்துகொண்டே பேசுவார், அன்றைக்கும் மேசை மேல் இது திறந்தே இருந்தது, யாரோ மூடிக் கொண்டுவந்து வீட்டில் கொடுத்தார்கள். திறந்தால் அதுதான் முதலில் நிற்கும், கடைசியாக வைத்ததுதானே மேலே இருக்கும். நிற்கட்டும். அதைத் தொடமாட்டேன். கீழே போய், பழசிலும் பழசை எடுப்பேன்.

ஐப்பசி மேகம் இறங்கி வீட்டுக்குள் மதியத்திலேயே மங்கல். டியூப்லைட்டைப் போட்டு, கன்னத்தில் படும் அளவுக்கு மேசைவிளக்கையும் இழுத்து வைத்துக்கொண்டாள். இவ்வளவு பாடும் எதற்கு என்றால் ஆக்னஸ் சொன்ன ஒரு வார்த்தைக்கு. திருநெல்வேலியிலிருந்து சனிக்கிழமை சனிக்கிழமை பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண், சின்ன வயசு, ஆனால் பொய் சொல்லாதவள். "அம்மா, சாருக்குச் சொல்லு அழியல. வெளிய வர்ற வழி அடைச்சிருக்கு. அவரு சரளமா, ஒரு தாளத்தோட பேசுன பழைய பதிவு இருந்தாக் குடுங்க, அந்தக் குரலோட சேந்து சொல்ல வச்சுப் பாப்போம். சிலருக்கு அப்படித் திறக்கும். எல்லாருக்கும்னு நான் சொல்லமாட்டேன்." சிலருக்கு. அந்தச் சிலரில் ஒருத்தராக இவர் ஏன் இருக்கக்கூடாது. வீட்டில் தேடினாள். கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை, மூன்று மணி நேரமும் வியர்த்துக்கொண்டு நிற்கிறார். போனில் இரண்டே இரண்டு பதிவு, ஒன்று, மாத்திர வாங்கியாச்சு. இன்னொன்று, புஷ்பம், மழ வருது, துணிய எடு. அதை எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது, பஸ்ஸில் கேட்பாள், லேபில் குழாய்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டே கேட்பாள், துணிய எடு, துணிய எடு, கொடியில் துணி இல்லாத நாளிலும் கண் மொட்டைமாடிக்குப் போகும். மைதானத்து ஆட்கள் எடுத்து வைத்திருந்த வீடியோக்களில் விசிலும் கூச்சலும்தான், அவர் குரல் அடியில் எங்கோ. முழுசாக, சுத்தமாக, வருஷக்கணக்காக அவர் இருப்பது இந்தப் பெட்டிக்குள். பட்டனை அமுக்கினால் கறுப்புத் திரையில் ஒரு சின்னப் பூட்டுப் படம் வந்து பாஸ்வேர்டு கேட்கிறது. வேறெதுவும் செய்யவிடாது. எழுத்துகள் எழுதிய அட்டையை அவர் முன்னால் வைத்துக் கேட்டுப் பார்த்தாள், விரல் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எழுத்துக்குப் போனது, சொல்லோடு எழுத்தும் குழம்பியிருக்கிறது என்றாள் ஆக்னஸ். அவளுடைய ஊகங்களும் தீர்ந்தன. மகள் பெயர். மகள் பிறந்த நாள். குலசாமி பெயர். வண்டி நம்பர். தன் பெயரைக் கடைசிக்கு வைத்திருந்தாள், ஏன் அப்படி வைத்தாள், முதலிலேயே போட்டிருக்கலாமே, போட்டு அது இல்லையென்றால் என்ன செய்வது என்று பயம், அதுதான். போட்டாள். இல்லை. செல்லமாகக் கூப்பிடும் 'புஷ்பம்' மட்டும் போட்டாள். அதுவும் இல்லை.

மேல்மூடி கழன்று மதர்போர்டு தெரிந்தது, பச்சையாக, மேலேயிருந்து பார்த்த ஊர் மாதிரி, தெருக்களும் தொட்டிகளுமாக. தூசி. ஒரு செத்த எறும்பு. ஜன்னல் கம்பியைக் கையால் தொட்டுக்கொண்டாள், உடம்பில் இருக்கும் கரண்டு சிப்பைக் கொன்றுவிடும் என்று அவள் போனில் பார்த்துப் பழகிய ரிப்பேர் வீடியோவில் சொல்லியிருந்தார்கள், சொல்லியிருந்தார்கள் என்று என்ன, அந்த ஆள் என்ன பாஷை பேசினான் என்றே அவளுக்குத் தெரியாது, முகமும் தெரியாது, இரண்டு கை மட்டும்தான் தெரியும், அந்தக் கை தொட்டதைத் தொட்டு விட்டதை விட்டால் போதும் என்று திரும்பத் திரும்பப் பார்த்தாள். பழைய இரும்புக் கடையிலிருந்து செத்த போர்டு ஒன்றை எடுத்துவந்து சமையலறை மேடையில் வைத்து, சிப்பின் கால்களைக் கவ்வும் கிளிப்பை மாட்டிக் கழற்றி மாட்டிக் கழற்றிப் பழகினாள். கிளிப்பும், சிப்பில் இருப்பதைப் படித்துக் காட்டும் ரீடரும் சுபிதா அனுப்பியது. அனுப்பிவிட்டு மகள் கேட்டாள், "அம்மா, ஏதாச்சும் தப்பாத் தொட்டு அந்தச் சிப்புல இருக்கற பாஸ்வேர்டு அழிஞ்சிருச்சுன்னா? அப்புறம் ஒன்னுமே பண்ண முடியாதும்மா." "அழியாது." "எப்படித் தெரியும்?" "நான் அழிய விடமாட்டேன்." சுபிதா, சரிம்மா என்றாள், அவளுக்கு அவள் அம்மாவைத் தெரியும். சிப் எங்கே. பேட்டரி இருக்கும் மூலையிலிருந்து உள்ளே வா, அந்தப் பெரிய சதுரத்தை விடு, அதன் பக்கத்தில், இதோ. உளுந்தம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிசு. கறுப்பு. இந்தப் பக்கம் நாலு கால், அந்தப் பக்கம் நாலு கால். இந்தப் பூச்சிதான் அந்தச் சொல்லை வயிற்றில் வைத்துக்கொண்டிருக்கிறது, கரண்டே இல்லாமல், மாதக்கணக்கில், மறக்காமல். ஸ்கேன் படத்தில் டாக்டர் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டிய வெள்ளைத் திட்டும் ஏறக்குறைய... வேண்டாம். அதையும் இதையும் சேர்த்து யோசிக்காதே. அது மண்டை, இது மிஷின். இதைத் திறந்தால் அது திறக்கும் என்று எவனும் எழுதித் தரவில்லை. புள்ளி எங்கே. சிப்பின் ஒரு மூலையில் புள்ளி இருக்கும், சிவப்பு ஒயர் அந்தப் பக்கம் வரவேண்டும், மாற்றிப் போட்டால் எரிந்துவிடும். போன் காமிராவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். புள்ளி இடது மேலே. சிவப்பு இடது மேலே. நிச்சயமாகவா? எழுந்து மேசையின் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள், அங்கேயிருந்து பார்த்தால் வலது கீழே, ஆமாம் அப்படித்தான் இருக்கவேண்டும். திரும்பி வந்தாள். புள்ளி இடது மேலே. அது புள்ளிதானா, இல்லை அழுக்கா? பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தாள். போகவில்லை. புள்ளிதான். சிவப்பு இடது மேலே. போதும் புஷ்பம். பார்த்ததையே பார்த்தால் கண் பொய் சொல்ல ஆரம்பிக்கும். மாட்டு.

மாட்டினாள். ரீடரின் இன்னொரு முனை சுபிதாவின் காலேஜ் கால லேப்டாப்பில், அதில் படிக்கும் பட்டனை அமுக்கினாள், ஒரு பச்சைக் கோடு ஓடி முடிந்தது, திரை நிறைய எழுத்து வந்தது. எஃப் எஃப் எஃப் எஃப் எஃப். வரிசை வரிசையாக, கீழே இழுக்க இழுக்க, எஃப்பைத் தவிர எதுவுமில்லை. ஒன்றுமில்லாத சிப் அப்படித்தான் காட்டும் என்று அவளுக்குத் தெரியும். காலி. அழித்துவிட்டேனா? இப்போதா? இந்த ஒரு நொடியிலா? இல்லை, முதலிலேயே காலியா? கடைக்காரர் ஏதும் செய்துவிட்டாரா? துடைத்தேனே, ஸ்பிரிட் போட்டா அழிந்தது? ஸ்பிரிட்டுக்கு அழியுமா என்ன, கிறுக்கி. கை கிளிப்பைப் பிடுங்கப் போனது, கையைப் பார்த்து அவளுக்குக் கோபம் வந்தது. பிறந்து ஒரு வாரமான பிள்ளைகளுக்கு ரத்தம் எடுக்கும் கை இது. முடியைவிடச் சன்னமான நரம்பு, பிள்ளை வீறிட்டுக் கத்தும், தாய் ஒரு பக்கம் கத்துவாள், ஊசி உள்ளே போயிருக்கும், ரத்தம் வராது. அப்போது என்ன நினைப்பாய்? பிள்ளை உடம்பில் ரத்தமே இல்லை என்றா நினைப்பாய்? ஊசி நரம்பில் இல்லை என்றுதானே நினைப்பாய். பதறி இன்னொரு இடத்தில் குத்தமாட்டாய், அசையாமல் நின்று, மூச்சு விட்டு, ஒரு நெல்லளவு பின்னால் இழுத்துப் பார்ப்பாய். அப்படி நில். நின்றாள். கிளிப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு கால் தொடவில்லையென்றாலும் எல்லாம் எஃப் என்றுதான் வரும். வரும் என்று அந்த வீடியோக் கை காட்டியிருக்கிறது. காட்டியதா? காட்டியது.

வெளியே மைதானத்தில் விசில் ஊதினார்கள், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், மட்டையில் பந்து படும் சத்தம் ஓடு விரிசல் விடுவது போலக் கேட்டது. சௌந்தரபாண்டியின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. இடது கை முழங்கால் மேலிருந்து கொஞ்சம் எழுந்து எதையோ பிடிப்பதுபோல விரல்களை மடக்கிப் பிறகு இறங்கியது. வலது கை மடியில் கிடந்தது கிடந்தபடி. அவள் பார்க்காத மாதிரி போர்டின் மேல் குனிந்துகொண்டாள், ஆனால் குனிந்த தலைக்குள் அந்தப் பழைய யோசனை நுழைந்து உட்கார்ந்தது, இது எப்போதும் சும்மா இருக்கும் நேரம் பார்த்து வரும், கிளிப்பைக் கழற்றிக் கால்களைத் துடைக்கும் இந்த நேரம் அதற்குப் போதும். ஏன் பூட்டினார்? குளியலறைக் கதவுக்குக்கூடத் தாழ் போடாத மனுஷன். பீரோச் சாவி வருஷமெல்லாம் பீரோவிலேயே தொங்கும். சம்பளக் கவர் அரிசிப்பானை மேல் கிடக்கும். அப்படிப்பட்டவர் இந்த ஒன்றைப் பூட்டியிருக்கிறார், பூட்டியதைச் சொல்லவுமில்லை, இத்தனை வருஷமும் அவர் திறந்து வைத்துத்தான் அவள் பார்த்திருக்கிறாள், பூட்டு இருப்பதே அவர் விழுந்தபிறகுதான் தெரிந்தது. உள்ளே ஹாக்கி மட்டும்தானா? வேறு யாராவது இருந்தால்? யார் இருப்பார்கள், இவருக்குப் போய். ஏன், இவருக்கென்ன, மைக்கில் அந்தக் குரலைக் கேட்டு மயங்கின ஒருத்தி இருக்கக்கூடாதா, அவளே மயங்கியவள்தானே, பெண் பார்க்க வந்தபோது அவர் முகத்தை அவள் சரியாகப் பார்க்கவில்லை, காப்பி நல்லாருக்கு என்று சொன்ன குரலைத்தான் கட்டிக்கொண்டாள். இருந்தால் என்ன செய்வாய்? எழுந்து போய்விடுவாயா? அவருக்கு வாய் துடைக்க, சட்டை பட்டன் போட, அந்தக் குரல்மயங்கி வருவாளா? வரட்டும், வந்தால் திங்கள், புதன் அவளுக்கு. சிரிப்பு வந்தது. சிரித்த வாய் அப்படியே கசந்தது. திறக்காமலே இருந்துவிட்டால் என்ன, மூடி ஸ்க்ரூ போட்டு, ஆக்னஸிடம் முடியவில்லை என்று சொல்லிவிட்டால்? யாரும் குறை சொல்லப்போவதில்லை. கடைக்காரராலேயே முடியாதது. கை ஸ்பிரிட் பஞ்சால் ஒவ்வொரு காலாகத் துடைத்துக்கொண்டே இருந்தது, ஊசிக்கு முன்னால் தோலைத் துடைப்பது மாதிரி வட்டமாக, அந்தப் பஞ்சு கறுத்துவிட்டது, வேறு பஞ்சு எடுத்தாள். உள்ளே யார் இருந்தாலும் அந்தக் குரலும் இருக்கிறது. எனக்குக் குரல் வேண்டும். அவருக்கு வேண்டும். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்வோம், மற்றதை அவர் வாயாலேயே கேட்டுச் சண்டை போடுவோம், அதற்காகவாவது இந்த மனுஷன் பேசித்தான் ஆகவேண்டும்.

இந்தத் தடவை கிளிப்பை மேலேயிருந்து அமுக்காமல் சற்றுச் சாய்த்து இறக்கினாள். ஒரு பக்கத்து நாலு காலும் பல்லில் உட்கார்ந்ததை விரல் உணர்ந்தது, பிறகு மறுபக்கம். நரம்புக்குள் ஊசி இறங்கும்போது ஒரு சின்ன வழுக்கல் இருக்கும், யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாதது, அது. கிளிப்பை இடது கையால் அப்படியே பிடித்துக்கொண்டு வலது கையால் பட்டனை அமுக்கினாள். கோடு ஓடியது. எழுத்து வந்தது, எஃப் இல்லை, விதவிதமாக வந்தது, எண்களும் எழுத்துகளுமாக எறும்புப் புற்றை உடைத்த மாதிரி. நம்பாதே. மறுபடியும் படி. இரண்டு தடவை படித்து இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் நம்பவேண்டும். மறுபடியும் படித்தாள். ஒன்றாக இல்லை. நடுவில் ஒரு வரி வேறாக இருந்தது. கை அசைந்திருக்கும். மூச்சை நிறுத்திக்கொண்டு படித்தாள். நிறுத்திக்கொண்டு இன்னொரு தடவை. இரண்டும் ஒன்று. கிளிப்பைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தபோதுதான் முதுகெல்லாம் நனைந்திருப்பது தெரிந்தது. திரையின் வலது ஓரத்தில் எண்களை எழுத்தாகக் காட்டும் பட்டை, பெரும்பாலும் வெறும் புள்ளிகள், புள்ளிகளுக்கு நடுவே எங்கேயோ அந்த மிஷினின் பெயர், எங்கேயோ ஒரு தேதி, கீழே போனாள், புள்ளி, புள்ளி, நின்றாள். எட்டு எழுத்து. அடுத்த வரியில் அதே எட்டு எழுத்து மறுபடியும். எந்தப் பெண்ணின் பெயரும் இல்லை. இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய தமிழ். உதட்டைக் கூட்டிப் படித்தாள். தொடாதே.

தொடாதேயா?

"தொடாதேன்னா வச்சிருக்கீங்க?" என்று திரும்பிக் கேட்டாள். அவர் முழித்தார். "பாஸ்வேர்டு. தொடாதே." அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்து, தோள் குலுங்கி, "அதான்! அதான் அதான்!" என்று சிரித்தார், அவளும் சிரித்தாள், கையிலிருந்த டிரைவர் கீழே விழுந்து உருண்டு போனது. அவளுக்கு நினைவு வந்துவிட்டது. ஒரு வருஷம் போட்டி நேரத்தில் வர்ணனை மேடைக்கு வந்த கமிட்டி ஆள் ஒருத்தர் பாட்டுப் போடுகிறேன் பேர்வழி என்று எதையோ அமுக்கி, அந்த வருஷத்துப் பதிவு முழுவதையும் அழித்துவிட்டார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார் இவர். மறுநாள்தான் பூட்டியிருப்பார். ஒருத்தி இல்லை. ஒரு கமிட்டி ஆள். இதற்கா இத்தனை மாதம் அவள் தலையணையை நனைத்தாள்? வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிட லேசாக இருந்தது, பதினெட்டு வயசுக்காரி மாதிரி எழுந்து ஓடி டிரைவரைத் தேடினாள்.

மூட வேண்டிய ஸ்க்ரூவையெல்லாம் போட அவளுக்குப் பொறுமையில்லை. கீபோர்டை மட்டும் சொருகி, சார்ஜரைக் குத்தி, பட்டனை அமுக்கினாள். பூட்டுப் படம் வந்தது. எழுத்தெழுத்தாகத் தட்டினாள். பூட்டுப் போய் இன்னொரு பூட்டு வந்தது, டிஸ்க்குடையது. அதே சொல்லா, வேறா? வேறாக இருந்தால் இவ்வளவும் வீண். இரண்டு பூட்டுக்கு இரண்டு சாவி வைக்கிற ஆளா இவர், பீரோச் சாவியைப் பீரோவிலேயே விடுகிறவர். தொடாதே. அமுக்கினாள். கறுப்பு. கறுப்பாகவே இருந்தது. பிறகு நீலமாக ஏதோ எழும்பி, பழைய ஃபேன் வீட்டுப் பூனை மாதிரி உறுமத் தொடங்கியது. உள்ளே போய்விட்டாள். வருஷம் வருஷமாகக் கோப்புறைகள், ஆட்டம் ஆட்டமாகப் பெயர்கள். மேலே நின்ற சித்திரை மாதத்துக் கடைசி ஆட்டத்தைக் கண்ணால் தாண்டி, கீழே, கீழே, அடிவரைக்கும் போனாள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டுவந்து அவர் முன்னால் ஸ்டூலில் வைத்துத் தானும் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "கேப்போமா?" அவர் கண் திரையில் இருந்தது. அவள் அமுக்கினாள்.

கரகரவென்று காற்று. மைக்கைத் தட்டும் சத்தம். அப்புறம் அந்தக் குரல், இளம் குரல், ஈரமும் கனமுமாக, வீட்டின் சுவர் நாலிலும் பட்டு நிறைந்தது. வணக்கம், வணக்கம், காத்துல மண் வாசம் அடிக்குது, மழ வருமோ வராதோ, கோலு வரும், உக்காந்து பாருங்க. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வந்துட்டியா. எங்கய்யா போயிருந்த இத்தனை நாளா. குரல் ஓடியது, பந்தோடு ஓடியது, வெட்டியது, திரும்பியது, அவள் மூடிய கண்ணுக்குள் இடது ஓரத்தில் ஒரு பையன் பந்தைக் கொண்டுபோனான், மைதானமே எழுந்து நின்றது. இப்போது அவர் உதடும் அசையும். கண்ணைத் திறந்தால் அவர் சேர்ந்து சொல்லிக்கொண்டிருப்பார். திறக்கட்டுமா?

"வேண்டாம்."

பதிவில் யாரோ பக்கத்திலிருந்து சொல்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். கண்ணைத் திறந்தாள். சௌந்தரபாண்டியின் இடது கை நீண்டு வந்து லேப்டாப் மூடியைப் பிடித்திருந்தது. முகம் சிவந்திருந்தது. கன்னத்தில் ஈரம்.

"என்ன சொன்னீங்க?"

"வேண்…டாம்."

தெளிவாக. சொல்லுக்கு முன்னால் அந்த அதான் வரவில்லை, அது எங்கோ ஒதுங்கி வழிவிட்டு நின்றிருந்தது. அவள் பட்டனைத் தேடி அமுக்கினாள், குரல் பாதிச் சொல்லில் நின்றது, வெளியே மைதானத்து விசில் மட்டும் கேட்டது. அவளுக்குத் துள்ள வேண்டும் போலவும் இருந்தது, யாரோ கன்னத்தில் அறைந்தது போலவும் இருந்தது. பேசிவிட்டார். பேசிய முதல் சொல் இது. எதற்காக அவள் ஸ்க்ரூ ஸ்க்ரூவாகக் கழற்றினாளோ அதை வேண்டாம் என்கிறார். ஏன் வேண்டாம், எவ்வளவு அழகான குரல், இன்னும் கொஞ்சம், ஒரு கோல் வரைக்குமாவது, என்று நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். அது பதிவைக் கேட்ட முகமில்லை. தன் வீட்டுக்குள், தன் பெண்டாட்டி முன்னால், இன்னொருத்தன் வந்து உட்கார்ந்து பேசுவதைப் பார்த்த முகம். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாளே, அந்தக் கண்ணை மூடியதை அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். துணிய எடு, துணிய எடு என்று அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு மொட்டைமாடியைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஜன்னலோர நாற்காலியில் இருந்து பார்த்திருக்கிறார். அவளுக்கு அது புரிந்தபோது கை தானாக மூடியை இறக்கியது, அவர் கையும் சேர்ந்து இறக்கியது, மூடி பொருந்திய சத்தம் கேட்டது.

"அந்த ஆளு வேண்டாமா?" என்றாள்.

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"சரி. அவரு வேண்டாம். நீங்க இருங்க, போதும்."

அவர் இடது கை அவள் தலைமேல் வந்து கொஞ்சநேரம் கனமாக இருந்தது. ஆக்னஸிடம் சனிக்கிழமை சொல்லவேண்டும், பதிவு கிடைச்சது, ஆனா அது வேண்டாம், வேற வழி பாருங்க. சொன்னால் அந்தப் பெண் கோபித்துக்கொள்ளாது, சொல் வந்த கதையைக் கேட்டால் துள்ளும். சுபிதா அழுவாள். அழட்டும். வேண்டாம் வந்துவிட்டது, இனி வேணும் வரவேண்டும். வரவைக்க வேண்டும். அவள் எழுந்து முந்தானையால் அவர் கன்னத்தைத் துடைத்துத் தன் கன்னத்தையும் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பால் இருந்தது. பாத்திரத்தை எடுத்தவள் நின்றாள். நாலு மணிக்கு அவர் என்ன குடிப்பார் என்று இருபத்தைந்து வருஷமாக அவளுக்குத் தெரியும். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்து நிலையில் சாய்ந்து நின்றாள்.

"டீயா, காப்பியா?"

அவர் அவளைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார், கேலியா என்பது போல மறுபடி அவளைப் பார்த்தார். "அதான்," என்றார்.

"அது எனக்குத் தெரியாது. டீயா, காப்பியா?"

நெற்றியில் நரம்பு புடைத்தது. இடது கை நாற்காலிக் கையை இறுக்கியது. உதடு பிரிந்தது, கூடியது, பிரிந்தது. அவள் உதவிக்குப் போகவில்லை, புன்னகைக்கவில்லை, முதல் எழுத்தை எடுத்துக் கொடுக்கவில்லை. இருட்டினாலும் சரி, பால் திரிந்தாலும் சரி, நின்றாள்.

"கா…" என்றார்.

அவள் அசையவில்லை.

"மிச்சம்?" என்றாள்.